ஆய்வு ஏன் பணியிடத்தை எட்டுவதில்லை?

(திருவனந்தபுரம் மாவட்டம், கழக்கூட்டத்தில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய பொருளை விளக்குவதற்குத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. 1990-இல் நாயனார் தலைமையிலான இடது ஜனநாயக முன்னணி அரசு தொடங்கிய டெக்னோபார்க் கழக்கூட்டத்தில்தான் இருக்கிறது. இன்று 70,000-க்கும் மேற்பட்டோர் அங்கே பணிபுரிகின்றனர். அதனருகே காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் துறைகள். தெற்கே ஆக்குளத்தில் புவி அறிவியல் ஆய்வு மையம். உள்ளூர் என்னும் பெயருடைய ஊரில் வளர்ச்சி ஆய்வு மையம். இத்தனை ஆய்வு நிறுவனங்கள் இவ்வளவு நெருக்கமாக அமைந்த வட்டாரம் இந்தியாவில் அதிகமில்லை. ஆயினும் இங்கே உருவாகும் முடிவுகளில் எத்தனை ஓர் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரின் கைக்கோ, ஊராட்சிப் பொறியாளரின் மேசைக்கோ போய்ச் சேர்கின்றன?

பணியில் இருப்போருக்குப் படிக்கும் பழக்கம் இல்லை என்பதே மேல்தட்டினர் வழக்கமாகச் சொல்லும் விடை. பழியை உழைப்பாளியின் தலையில் சுமத்தும் இந்த விடையை ஏற்பதற்கில்லை.

முதலில், கதவு பூட்டப்பட்டிருக்கிறது. மக்கள் வரிப்பணத்தில் ஆய்வு நடக்கிறது. அதைச் சரிபார்க்கும் அறிஞர்கள் பெரும்பாலும் ஊதியமின்றி உழைக்கின்றனர். அச்சேறிய பிறகு, அதே கட்டுரையைப் பன்னாட்டுப் பதிப்பக முதலாளிகளிடமிருந்து அதே வரிப்பணம் விலைகொடுத்து வாங்குகிறது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்திற்கு 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். பயன் பெறுவோர் யார்? அரசு உயர்கல்வி நிறுவனங்களும் ஒன்றிய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களும். கிராமப்புறச் செவிலியரும் பள்ளி ஆசிரியரும் ஊராட்சிப் பொறியாளரும் டெக்னோபார்க் ஊழியரும் இந்த வட்டத்திற்கு வெளியே நிற்கின்றனர். ஆய்வைப் படிப்பவர் ஆய்வாளர் மட்டுமே என்ற எண்ணம் திட்டத்தின் அடித்தளத்திலேயே இருக்கிறது.

கதவு திறந்தாலும் நேரம் வேண்டும். மூன்று முறைப்பணிகளில் மாறி மாறி உழைப்பவருக்கு வாசிப்பு நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்படுவதில்லை. மறுபுறம், 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் ஆசிரியரின் பதவி உயர்வை வெளியீட்டு மதிப்பெண்களோடு பிணைத்தன. எழுதியது எந்த இதழில் வந்தது என்று கேட்பார்கள். எந்த ஊருக்குப் பயன்பட்டது என்று கேட்பவர் அரிது.

மொழித் தடையைக் கலைச்சொல் பற்றாக்குறை என்று சுருக்கிவிடுவதும் வழக்கம். 1968-இல் தொடங்கிய கேரள பாஷா இன்ஸ்டிட்யூட் மலையாளத்திலும், பாடநூல் நிறுவனம் தமிழிலும் சொற்களை வேண்டிய அளவுக்கு ஆக்கியிருக்கின்றன. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. மருத்துவ ஆய்வுகளில் 'சிக்னிஃபிகன்ட்' என்ற சொல் அடிக்கடி வரும். தமிழில் அது 'குறிப்பிடத்தக்க வேறுபாடு' ஆகிவிடுகிறது. படிப்பவர் பெரிய வேறுபாடு என்று எடுத்துக்கொள்கிறார். புள்ளியியலில் அதன் பொருள், உண்மையில் வேறுபாடே இல்லையெனில் இப்படியொரு வேறுபாடு தற்செயலாகத் தென்படும் வாய்ப்புக் குறைவு என்பதே. ஒரு மருந்து இரத்த அழுத்தத்தை ஒரே ஓர் அலகு குறைத்தாலும், போதிய எண்ணிக்கையினரிடம் சோதித்தால் அதுவும் 'குறிப்பிடத்தக்கது' ஆகிவிடும். சொல் சரி, செய்தி பிழை. அகராதியை மட்டும் நம்பும் மொழிபெயர்ப்பாளர் செவிலியரைத் தவறான முடிவுக்கே இட்டுச்செல்வார்.

இவையெல்லாம் நீங்கினாலும் ஒரு தடை மிஞ்சும். வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தை வடிவமைத்துக் கட்டியவர் லாரி பேக்கர். அவர் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டில் செங்கற்கள் படுக்கவைக்கப்படாமல் பக்கவாட்டில் நிறுத்தப்படுகின்றன. நடுவே வெற்றிடம் விடப்படுகிறது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும், வெப்பமும் குறையும். இதற்குச் சந்தா வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம். சுவரைப் பார்த்தாலே போதும். இருந்தும் இது பொது நடைமுறையாகவில்லை. கட்டுமானச் செலவில் இத்தனை விழுக்காடு என்று ஒப்பந்தக்காரரின் ஆதாயமும் வடிவமைப்பாளரின் கட்டணமும் நிர்ணயிக்கப்படும் இடத்தில், செலவைக் குறைக்கும் அறிவு வருமானத்தைக் குறைக்கும் அறிவாகிவிடுகிறது. இங்கே குறுக்கே நிற்பது அறியாமையன்று, வர்க்க நலன்.

தடையை உடைத்த அனுபவமும் இதே மண்ணில் உண்டு. 1978-இல் கேரள அரசு தொடங்கிய புவி அறிவியல் ஆய்வு மையமும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் இணைந்து, 1990-களின் தொடக்கத்தில் ஊராட்சி வள வரைபடங்களைத் தயாரித்தன. விஞ்ஞானிகளே அறிக்கை எழுதி அனுப்பியிருந்தால், பத்தோடு பதினொன்றாக அதுவும் அலமாரிக்குள் போயிருக்கும். நடந்தது வேறு. பயிற்சி பெற்ற உள்ளூர்த் தொண்டர்கள் நில அளவை வரைபடத்தைக் கையிலேந்தி மனைமனையாகச் சென்றனர். நிலம் எதற்குப் பயன்படுகிறது, நீர் எங்கே கிடைக்கிறது என்று குறித்தனர். நிலவடிவம் போன்றவற்றை விஞ்ஞானிகள் வரைந்தனர். இரண்டும் ஒன்றாக்கப்பட்டன. கண்ணூர் மாவட்டத்துக் கல்லியாசேரியில் ஊராட்சியின் வளர்ச்சித் திட்டமே இதிலிருந்து எழுந்தது. தன் வயலைத் தானே குறித்தவருக்கு அந்த வரைபடத்தை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அது அவருடைய கேள்விக்கான விடையாக இருந்தது.

1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்திற்கு இந்த அனுபவம் உரமாயிற்று. திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குச் சென்றது. பணி ஓய்வு பெற்ற பொறியாளர்களும் மருத்துவர்களும் பேராசிரியர்களும் தன்னார்வத் தொழில்நுட்பக் குழுக்களில் சேர்ந்து, ஊராட்சிகளின் திட்டங்களைச் சரிபார்த்துத் தந்தனர். அறிவு மேலிருந்து கீழே 'வழங்கப்படும்' பண்டம் என்ற எண்ணம் ஓரளவேனும் ஆட்டம் கண்ட காலம் அது.

2027-உடன் சந்தா ஒப்பந்தத்தின் காலம் முடிகிறது. புதுப்பிக்கும் பேச்சு தொடங்கும் முன்பே செவிலியர், ஆசிரியர், பொறியாளர் சங்கங்கள் மூன்று கோரிக்கைகளைத் தம் சாசனங்களில் சேர்த்தாக வேண்டும்: பொது நூலகங்கள் வழியே எவரும் இதழ்களைப் படிக்கும் உரிமை, பொதுப்பணத்தில் நடந்த ஒவ்வோர் ஆய்வுக்கும் மாநில மொழியில் சுருக்கம், ஊதியத்துடன் கூடிய வாசிப்பு நேரம். கடைசிக் கோரிக்கையைக் கேட்டு நிர்வாகங்கள் சிரிக்கும். எட்டு மணி நேர வேலையைக் கேட்டபோதும் சிரித்தார்கள்.