செடிதானே என்கிறோம்

"கஞ்சா செடிதானே, என்ன செய்துவிடும்?" என்று பிள்ளை கேட்டால் நமக்குப் பதில் வருவதில்லை. அரளியும் செடிதான். கஞ்சா புகைப்போரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அடிமையாகிறார்; பதின்பருவத்தில் தொடங்கினால் இன்னும் கூடுதல்.

பெரியவர்களாகிய நம்மிடமும் ஒரு தவறான எண்ணம் உண்டு. மருத்துவமனைக்குப் போனால் வழக்கு வரும் என்று பயந்து மகனை அறைக்குள் பூட்டுகிறோம். விசாரிக்கும் பங்குத்தந்தையிடம் "காய்ச்சல், சாமி" என்கிறோம். (சாமியார்களாகிய நாங்களும் துருவிக் கேட்பதில்லை.) 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவோ, அடிமையானவர் தாமாகவே முன்வந்து அரசு ஏற்ற மையத்தில் சிகிச்சையை முழுமையாகப் பெற்றால், பயன்படுத்தியதற்காக வழக்கு இல்லை என்கிறது.

ஊதாரி மைந்தனின் தந்தை ஊர் பார்க்கத்தான் ஓடினார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நாளைக் காலையே மகனோடு புறப்படுவோம்.