குதிரையின் சூலை நோயும் மேய்ச்சலும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர் மாடு, ஆடு, கோழி என்றே காலத்தை ஓட்டியவர்கள். எனக்கு நீலகிரியில் வேலை அமைந்ததால் சவாரிக் குதிரைகளோடு பழக்கம் ஏற்பட்டது. ஆகவே, அடிக்கடி சூலை வருகிற குதிரையை எப்படி மேய்ப்பது என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

குதிரையின் வயிற்றை ஒரு நிமிடம் நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். அவ்வளவு பெரிய பிராணிக்கு இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். மாடு மாதிரி அசை போடாது. தின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வாந்தி எடுக்கவும் அதற்கு முடியாது. நார்த்தீனி செரிப்பதெல்லாம் பின்னால், பெருங்குடலில். அங்கே குடியிருக்கிற நுண்ணுயிர்கள்தான் சமையல்காரர்கள். தீனி மாறினால் அந்தச் சமையல்காரர்கள் பழகிக்கொள்ள இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அதற்குள் புதுத்தீனி வந்து குவிந்தால் வாயுவும் அமிலமும் பெருகி வயிறு உப்பும். போதாக்குறைக்கு, பெருங்குடல் இடுப்புப் பக்கம் வளைகிற இடத்தில் குறுகிப் போகிறது. தண்ணீர் குறைந்தால் தீனி அங்கே அடைத்துக்கொள்ளும்.

இப்படிப்பட்ட வயிற்றுக்கு ஏற்ற வாழ்க்கை, நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதுதான். தன் இஷ்டத்துக்கு விட்டால் குதிரை ஒரு நாளில் 16 மணி நேரம் வரைகூட மேயும். சவாரிக் குதிரைக்கு அது கிடைப்பதில்லை.

ஊட்டியில் ஒருவர் ஒரு பெண் குதிரை வைத்திருந்தார். சுமார் 300 கிலோ எடை. அந்த வீட்டுக்குச் சோறு போட்டது அதுதான். ஒரு வருடத்துக்குள் மூன்று தடவை சூலை வந்துவிட்டது. மூன்றாம் தடவை விடிய விடியப் புரண்டது. வலிக்கு ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு, ஒருவழியாகக் காலையில் சாணி போட்டது. அறுவைச் சிகிச்சை என்று போக அவருக்கு வசதி ஏது?

"டாக்டரய்யா, இதை வித்துப்புடலாமான்னு பார்க்கிறேன். ஆனா சூலைக் குதிரைய எவன் வாங்குவான்?" என்றார்.

"விக்கறது இருக்கட்டும். மூணு தடவையும் எப்ப வந்துச்சு, சொல்லுப்பா" என்றேன்.

கணக்குப் பார்த்தோம். ஜூன் முதல் வாரம், நவம்பர் தொடக்கம், மறுபடி ஜூன். மூன்றும் சீசன் முடிந்த பத்து நாளுக்குள்! விஷயம் விளங்கிவிட்டது. சீசனில் காலை முதல் மாலை வரை சவாரி, புல் இல்லை. இரவில் ஒரே வேளையாகக் கொள்ளு. 'கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்' என்பார்களே, அந்தக் கதைதான். சீசன் முடிந்த மறுநாளே மழையில் தளதளவென்று வளர்ந்த புல்லில் அவிழ்த்து விட்டுவிடுவார். போகிற வழியில் மார்க்கெட்டில் கொட்டிய முட்டைக்கோஸ் இலை வேறு. இதில் புல்லின் மேல் குற்றமில்லை. மாற்றம் வந்த வேகத்தில்தான் குற்றம்.

அவருக்கு நான் சொன்ன முறை இதுதான்.

முதலாவது, மேய்ச்சலைப் படிப்படியாகக் கூட்டுவது. வெறும் வயிற்றோடு பச்சைப் புல்லில் விடக்கூடாது. முதலில் காய்ந்த புல் தின்னட்டும். முதல் மூன்று நாள் அரை மணி நேர மேய்ச்சல். பிறகு இரண்டு நாளைக்கு ஒரு முறை அரை மணி கூட்ட வேண்டும். மூன்று வாரத்தில் ஐந்து மணி நேரத்துக்கு வந்துவிடலாம். சீசன் வரும்போது கொள்ளைக் கூட்டுவதும் இதே போல மெதுவாகத்தான். அதையும் மூன்று நான்கு வேளையாகப் பிரித்து. சவாரிக்கு நடுவே ஒரு கட்டுப் புல் கட்டாயம்.

இரண்டாவது, நிலத்தைப் பிரிப்பது. அவரிடம் இருந்த இடத்தை மூங்கிலும் கயிறும் வைத்து மூன்றாக்கினோம். புல் ஒரு சாண் வளர்ந்ததும் உள்ளே விடு, நான்கு விரல் உயரத்துக்கு வந்ததும் அடுத்த பகுதிக்கு மாற்று என்றேன். ஒட்டக் கடிக்கும்போதுதான் மண்ணும் மணலும், புழுக்களின் இளம்பருவங்களும் உள்ளே போகின்றன. மூன்றுமே சூலைக்கு விதை. வாரம் இரண்டு தடவை சாணியை அள்ளிவிட வேண்டும். சாணியில் முட்டை எண்ணிப் பார்த்த பிறகே பூச்சி மருந்து.

மூன்றாவது, தண்ணீர். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் குதிரை சில்லென்ற நீரைச் சரியாகக் குடிக்காது. வெதுவெதுப்பாக வைத்தால் குடிக்கும். பக்கத்தில் கல்லுப்பு இருக்கட்டும். பனி உருகிய பிறகே மேய்ச்சலுக்கு விடலாம்.

நான்காவது, அளவு. உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்தீனி வேண்டும். 300 கிலோ குதிரைக்கு நாலரை முதல் ஆறு கிலோ. மழைக்காலப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். புல்லை மட்டும் நம்பினால் 22 முதல் 30 கிலோ மேய வேண்டும். ஐந்து மணி நேரத்தில் அது நடக்காது. ஆகவே காய்ந்த புல்லை எந்நாளும் நிறுத்தக்கூடாது. தோட்டத்தில் வெட்டிக் குவித்த புல், காய்கறிக் கழிவு இரண்டும் வேண்டவே வேண்டாம், குவியலிலேயே புளித்துவிடும். மலையில் நிறைந்திருக்கும் கிக்குயு புல்லில் ஆக்சலேட் அதிகம். அதையே நம்பியிருந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறையும் என்பதையும் மறக்காதீர்கள்.

"இவ்வளவும் யாரய்யா செய்யறது?" என்று முதலில் சலித்துக்கொண்டார். அவர் மனைவிதான் சாணி அள்ளுவதையும் புல் அளப்பதையும் ஏற்றுக்கொண்டார். அடுத்த இரண்டு வருடத்தில் ஒரே ஒரு முறை லேசாக வலி வந்தது. சுற்றுலா வந்தவர்கள் ஆசையாகப் பை நிறையக் கேரட் ஊட்டிவிட்டார்கள்! நடக்க வைத்ததிலும் ஓர் ஊசியிலும் சரியாயிற்று. குதிரையை விற்கவில்லை.

இளைய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நிலத்தைக் காலால் சீய்த்து, விலாவைத் திரும்பிப் பார்த்து, சாணி போடாமல் நிற்கிற குதிரைக்கு முதலில் வைத்தியம்தான். தீனியை நிறுத்துங்கள், நாடியைப் பாருங்கள். வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 இயல்பு; 60-ஐத் தாண்டினால் காலம் தாழ்த்தாதீர்கள். வலி அடங்கிய மறுநாள் பையை வைத்துவிட்டு, அது மேய்கிற இடத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். புல் எவ்வளவு உயரம், போன மாதம் என்ன தின்றது, எந்தத் தேதியில் மாற்றினார்கள் என்று கேளுங்கள். அடுத்த சூலையைத் தடுக்கும் மருந்து பெரும்பாலும் அந்தப் பதிலில் கிடைக்கும்.