மூங்கிலின் இரு முனைகள்

தில்லையிலே வாழ்ந்த திருநீலகண்டக் குயவனார் வரலாற்றைத் திருவிழாதோறும் கேட்டிருக்கிறீர்கள். மண் பிசைந்து, சக்கரத்தில் வனைந்து, சூளையிற் சுட்டு, அடியார்க்குத் திருவோடு அளித்து வாழ்ந்த பெருந்தகை அவர். தொழிலும் இல்லறமும் தம்முள் எவ்வாறு பொருந்தி நிற்பன என்பதை அவ்வரலாற்றின் வழியே இன்று சிந்திப்போம்.

நாயனார் ஒருநாள் நெறி பிறழ்ந்து மீண்டார். அம்மையார் ஊரறிய வைதாரில்லை, பிறந்தகம் சென்றாரில்லை. திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தம்மைத் தீண்டலாகாது என்று விலக்கினார். அவர் பன்மையிற் சொல்லிவிட்டமையால், மாதர் எவரையும் மனத்தாலும் தீண்டேன் என்று நாயனார் உறுதி பூண்டார். அன்று தொட்டு முதுமை வரை இருவரும் ஒரே மனையில், அயலார் அறியாவண்ணம் வாழ்ந்தனர். அம்மையார் பிற பணிகளில் குறை வைக்கவில்லை. அடியார்க்கு ஓடு அளிப்பது நின்றதாகவும் சேக்கிழார் கூறவில்லை. ஊரார் கண்ணுக்கு எக்குறையும் இல்லாத வீடு அது.

அவ்வீட்டில் பிரிவுக்கு ஒரு பிழை இருந்தது. ஓர் ஆணை இருந்தது. நம் வீடுகளில் ஆணை ஏதுமில்லை. கணவர் ஓர் அறையில் அலுவலகக் கணக்கைப் பார்க்கிறார். மனைவி மற்றோர் அறையில் கைப்பேசியில் தம் அலுவலகத்துக்கு விடை சொல்கிறார். குழந்தை தானே உண்டு தானே உறங்குகிறது.

உழைப்புக்கு எல்லை வேண்டும் என்பதை உலகம் உணராமல் இல்லை. 1919-ஆம் ஆண்டு வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. இந்தியத் தொழிலாளிக்கோ அன்று 60 மணி வரை இடம் தந்தார்கள்! 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நமக்கும் 48 என்று வகுத்தது. வாரம் 55 மணியோ அதற்கு மேலோ உழைப்போர்க்குப் பக்கவாதமும் இதய நோயும் மிகுதி என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் அறிவித்தன. இவையெல்லாம் ஆலைக்குள் கழியும் மணியைக் கணக்கிடுவன. உடல் வீட்டிலும் உள்ளம் அலுவலகத்திலுமாகக் கழியும் மணியை எந்தச் சட்டம் எண்ணும்?

இரண்டிடத்தில் உழைத்தாலன்றி அடுப்பெரியாது என்னும் நிலையினர்க்கு இதனை நாம் சொல்ல வரவில்லை. அவர்க்கு வேண்டுவது நல்ல கூலி, சொற்பொழிவு அன்று.

இதனைச் சொல்ல நமக்குத் தகுதி உண்டா? நாற்பது ஆண்டுகளாக ஊர் ஊராகச் சென்று இந்த வரலாற்றை விரித்துரைத்தோம். மார்கழியிலும் பங்குனியிலும் நாம் வீட்டில் தங்கியதில்லை. சிவப்பணி ஆதலின் எவரும் குறை சொல்லவில்லை. குறை உண்டோ என்று நாமும் கேட்கவில்லை. சென்ற ஆண்டு பழைய தகரப்பெட்டி ஒன்றைத் திறந்தோம். மகளின் பள்ளி மதிப்பெண் அட்டைகள் அத்தனையும் இருந்தன. பெற்றோர் கையொப்பமிடும் இடத்தில் எங்கும் அவள் தாயின் கையெழுத்து. ஒன்றில் மட்டும் நம் பெயர் இருந்தது. அதனை எழுதியதும் அவரே. பணி நல்லதாயின் பிரிவும் நல்லதாகிவிடும் என்று இருந்துவிட்டோம்.

இனி, திருக்குளத்துக்கு வருவோம். சிவயோகியாராக வந்த பெருமான் தாம் கொடுத்து வைத்த ஓட்டை மறையச் செய்து, அதனைக் கேட்டு வழக்கிட்டார். மகனைக் கைப்பற்றி மூழ்கிச் சத்தியம் செய்க என்றார். மகன் இல்லை என்றார் நாயனார். ஒரு மனையில் அத்தனை ஆண்டுகள் வாழ்ந்தவர் சொன்ன விடை அது! மனைவியைக் கைப்பற்றி மூழ்குக என்றார் பெருமான். முதியோர் இருவரும் ஒரு மூங்கில் தண்டின் இரு முனைகளைப் பற்றிக்கொண்டு குளத்தில் இறங்கினர். தண்டு ஆகாது, கையைப் பற்றுக என்று யோகியார் தடுத்தார். அப்பொழுது நாயனார் என்ன செய்தார்? இத்தனை காலம் அடியார்க்கு ஓடு ஈந்தேனே என்று தம் பணியைக் கூறினாரா? இல்லை. அவையோர் முன்னிலையில் தம் பிழையையே எடுத்துரைத்தார். அதன் பின்னரே இருவரும் மூழ்கி, இளமையோடு எழுந்தனர். சிதம்பரத்தில் இளமையாக்கினார் கோயில் திருக்குளத்தை இன்றும் காணலாம்.

மதுரையில் சொக்கநாதப் பெருமானின் திருவடிகள் ஒவ்வோர் இரவும் பல்லக்கில் அம்மையின் பள்ளியறைக்கு எழுந்தருளுகின்றன. அதற்கெனத் தீபமும் பாலும் பாட்டும் உண்டு. அனைத்துலகையும் காக்கும் வேலையுடையார்க்கே வீடு திரும்பும் நேரத்தை நம் முன்னோர் வகுத்தனர். அதனை மற்ற வேலை முடிந்து எஞ்சிய நேரமாக வைக்காமல், தனியொரு பூசையாகவே வைத்தனர்.

அர்த்தசாம மணி ஒலிக்கிறது. இயற்பகை நாயனார் வரலாற்றை நாளை சொல்வோம். இன்று நாம் வீட்டுக்கு இரண்டு மைல் நடக்க வேண்டும், அங்கே விழித்திருப்பார்கள்.