பழைய பேட்டரி எங்கே போகிறது?



ஈயத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "பாத்திரத்துக்குப் பூசுவாங்களே, அதாப்பா?" என்றார். அது வெள்ளீயம். நான் சொல்வது காரீயம், விஷம்.

ஒரு காலத்தில் பெட்ரோலிலேயே இதைக் கலந்தார்கள். 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க நின்றது. கடைசி நாடான அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. சுத்திகரிப்பு ஆலைகள் விரல் விட்டு எண்ணும் அளவுதான்; அங்கே சட்டம் பிடித்தால் போதும். பேட்டரி அப்படியில்லை.

2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சென்னையில் 3 முதல் 7 வயதுக் குழந்தைகள் 756 பேரின் ரத்தத்தில் சராசரியாக டெசிலிட்டருக்கு 11 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருந்தது. 5 வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அளவு கூடிய பிள்ளைகளிடம் கவனக்குறைவும் கூடியிருந்தது.

நம் நெமிலிச்சேரியையே பாருங்கள். அவுட்டர் ரிங் ரோட்டில் போகிற லாரி ஒவ்வொன்றிலும் இரண்டு பேட்டரி. மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்குள் வந்த இன்வெர்ட்டர் வேறு. அதன் எடையில் பாதிக்கு மேல் காரீயம். 327 டிகிரியில் உருகிவிடும், கரி அடுப்பே போதும். கோடாலியால் பிளந்து, ஆசிடை மண்ணில் ஊற்றிவிட்டு உருக்குகிறார்கள். புகையும் தூசும் அக்கம்பக்கத்து வீட்டுக்குள் போகிறது.

பழைய பேட்டரியை டீலர் திரும்பப் பெற வேண்டும், பதிவு பெற்ற ஆலைக்கே அனுப்ப வேண்டும் என்று 2001லேயே விதி வந்தது. 2022 விதிகள் பொறுப்பை உற்பத்தியாளர் தலையில் வைத்தன. ஆனால் பதிவு பெற்றவர் புகை வடிகட்டிக்கும் கழிவுநீர் சுத்திகரிப்புக்கும் செலவழிக்க வேண்டும். ரசீது போட்டால் 18 சதவீத ஜி.எஸ்.டி. கொல்லையில் உருக்குபவருக்கு இந்தச் செலவெல்லாம் ஏது? அதனால் அவர் நமக்குக் கூடுதல் விலை தருகிறார். நாமும் வாங்கிக்கொள்கிறோம்!

அமெரிக்காவிலும் இதே கணக்குதான். 2008இல் காற்றில் இருக்கலாம் என்ற காரீய அளவைக் கன மீட்டருக்கு 1.5 மைக்ரோகிராமிலிருந்து 0.15ஆகக் குறைத்தார்கள். நல்ல சட்டம். ஆனால் பழைய பேட்டரிகள் மெக்சிகோவுக்குப் போவது கூடியது. அங்கே உருக்காலைகளை ஒட்டி எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளும் கூடினார்கள்.

நம் நாடு 2025 பட்ஜெட்டில் காரீயக் கழிவுக்கு அடிப்படை இறக்குமதி வரியை நீக்கியது. கப்பலில் வருவதற்காவது காகிதம் உண்டு. நம் வீட்டிலிருந்து சைக்கிளில் போவதற்கு என்ன இருக்கிறது? உள்ளூர்க் கழிவின் வரியைத்தான் முதலில் குறைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அதுவரை நம் சங்கம் ஆண்டுக்கொரு முறை உறுப்பினர்களின் பழைய பேட்டரிகளைச் சேர்த்து, பதிவு பெற்ற ஆலைக்கு ரசீதோடு கொடுக்கலாம். சில நூறு ரூபாய் குறையும். மாலைப் பொதுக்குழுவில் இதை முன்மொழியப் போகிறேன். வழிமொழிய யாராவது இருங்கப்பா.