ஆன்மாவுக்கும் ஒரு நோட்டு

(யூபிலி நவநாளின் மூன்றாம் நாள் மாலைத் திருப்பலிக்குப் பின் பங்குக்குரு ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டு பிறந்ததிலிருந்து நம் பங்கில் நோட்டுகளுக்குக் குறைவில்லை. வரி வசூல் நோட்டு, அசனச் செலவு நோட்டு, சப்பரத்துக்கும் பந்தலுக்கும் கொடுத்த முன்பணம் எழுதிய நோட்டு என்று விழாக் குழுவினர் கண்ணும் கருத்துமாய் எழுதி வருகிறார்கள். அவர்களுக்கு நம் நன்றி. இவற்றோடு இன்னும் ஒரு நோட்டு சேர வேண்டும் என்று கேட்பதற்காகவே இன்று உங்கள் முன் நிற்கிறோம். அது கோவில் அலமாரிக்கு உரியதல்ல. உங்கள் ஒவ்வொருவரின் தலையணைக்கு அடியில் இருக்க வேண்டியது. இரவு செபம் முடிந்து, விளக்கை அணைக்குமுன், அன்றைய நாளைக் குறித்து இறைவன் முன்னிலையில் நாலு வரி எழுதும் பழக்கத்தைத்தான் சொல்கிறோம்.

"எழுதுவதெல்லாம் படித்தவர்கள் வேலை சாமி, நமக்கு எதற்கு?" என்று பின்வரிசையில் சிலர் நினைப்பது தெரிகிறது. நம் பக்கத்தில் எழுதாத வீடு எது, சொல்லுங்கள் பார்ப்போம்! எந்த வீட்டுப் பீரோவைத் திறந்தாலும் சேலைகளுக்கு அடியில் மொய் நோட்டு இருக்கும். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுதல், பிள்ளைகளின் புதுநன்மை விருந்து, எதுவானாலும் வாசலில் மேசை போட்டு இரண்டு பேர் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒருவர் பணம் வாங்க, மற்றவர் ஊர், பெயர், தொகை மூன்றையும் எழுதுகிறார். என்றோ ஒரு காதுகுத்துக்கு ஐந்து ரூபாய் செய்த ஒன்றுவிட்ட சித்தப்பாவின் பெயர் இன்றும் மை அழியாமல் அதில் இருக்கிறது. ஏன் எழுதுகிறோம்? கொடுத்ததை மனம் தானாகவே நினைவில் வைத்துக்கொள்ளும். அதற்கு நோட்டே வேண்டாம். வாங்கியதைத்தான் மறந்துவிடும். மறந்தால் அடுத்த விசேஷத்தில் உறவே முறிந்து போகும். இந்த உண்மை நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது.

மனிதர் செய்த ஐந்து ரூபாயை எழுதி வைக்கும் நாம், இறைவன் செய்ததை எங்கே எழுதி வைத்திருக்கிறோம்? டெங்குக் காய்ச்சலில் பிழைத்து எழுந்த பிள்ளை, கடன்காரன் கெடு கொடுத்த ஒரு மாதம், மாமியாரும் மருமகளும் சண்டையில்லாமல் சோறு உண்ட ஒரு மத்தியானம், இவையெல்லாம் எந்த நோட்டில் இருக்கின்றன?

நமது பூமி வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் சில நாள் பெய்யும் மழைதான் ஆண்டு முழுவதற்கும். அந்தச் சில நாள் நீரைக் கரை கட்டிக் கண்மாயில் தேக்கியதால்தான் இந்தக் கரிசல் காட்டில் ஊர்கள் நிலைத்தன. தேவ அருளும் அப்படித்தான் பெய்கிறது. ஞாயிறு பிரசங்கத்தில் ஒரு சொல் நெஞ்சில் தைக்கிறது. திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் ஓடிவிடுகிறது. நோட்டு என்பது அதற்கு ஒரு சிறு கரை.

இது நாம் கண்டுபிடித்த புதுமை அல்ல. அபக்கூக்கு இறைவாக்கினருக்கு ஆண்டவர் தாம் காட்டிய காட்சியைப் பலகையில் எழுதி வைக்கும்படி கட்டளையிட்டார். திருச்சபையே எழுதி வைக்கும் சபைதான். 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் பங்குதோறும் குருக்கள் திருமணப் பதிவேடு வைக்க வேண்டுமென்று சட்டம் செய்தது. ஞானஸ்நானப் பதிவேட்டில் உங்கள் பெயர், பெற்றோர், ஞானப் பெற்றோர் பெயர்கள் இருக்கின்றன. பின்னர் உறுதிபூசுதல் பெற்றதும் திருமணம் முடித்ததும் ஓரத்தில் குறிக்கப்படுகின்றன. சான்றிதழ் கேட்டு வருகிறவர்களுக்காக அந்தப் பதிவேட்டைப் புரட்டும்போது ஒரு மனிதனின் வாழ்வு முழுவதும் நாலு வரிக்குள் அடங்கிவிட்டதைக் காண்கிறோம்.

தமிழில் அச்சான முதல் நூல்களிலேயே ஆத்தும சோதனைக்கு இடம் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. நம் ஊர் வழியாகத் தூத்துக்குடிக்குப் போகும் சாலையின் மறுகோடியில், முத்துக்குளித்துறையில் பணியாற்றியவர் அண்டிரிக் அடிகளார் எனப்படும் ஹென்றிக்ஸ் என்ற சேசு சபைக் குரு. 1578-இல் கொல்லத்தில் அவருடைய "தம்பிரான் வணக்கம்" அச்சாயிற்று. இரண்டே ஆண்டுகளில், 1580-இல், கொச்சியில் "கொம்பெசியோனாயரு" என்ற நூலை அச்சிட்டார். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம்; பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும் நூல் அது. படகோட்டியும் முத்துக் குளிப்பவனும் தன்னைத்தானே சோதித்தறியத் தமிழில் ஒரு புத்தகம் வேண்டும் என்று 400 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எண்ணியிருக்கிறார். இன்றோ நம்மில் பலர் புதுநன்மை வாங்கிய வயதில் மனப்பாடம் செய்த அதே மூன்று பாவங்களை, பேரன் பேத்தி எடுத்த பிறகும் அதே வரிசையில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்! நாற்பது ஆண்டு வாழ்வில் ஒரு புதுப் பாவமும் இல்லையா, அல்லது பார்க்கவே இல்லையா?

ஹென்றிக்ஸ் அடிகளாரைத் தம் சபையில் ஏற்ற புனித இஞ்ஞாசியார் இதற்கு மிக எளிய வழி ஒன்றைத் தமது ஆன்மீகப் பயிற்சி நூலில் வைத்திருக்கிறார். திருத்த வேண்டிய ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் விழும்போதெல்லாம் கையை நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. மதியமும் இரவும் எண்ணிப் பார்த்து, நாளுக்கு இரண்டு கோடாகப் போட்ட கோடுகளில் அத்தனை புள்ளி வைக்க வேண்டும். இன்றைய புள்ளியை நேற்றைய புள்ளியோடும், இந்த வாரத்தைப் போன வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். அவ்வளவுதான். எழுத்தே வேண்டாம், புள்ளி போதும். வாசலில் தினமும் புள்ளி வைத்துக் கோலமிடும் நம் தாய்மாருக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் போகாத பாட்டிமார் நாள்காட்டியில் ஒரு புள்ளி வைக்கலாம், அல்லது டப்பாவில் ஒரு புளியங்கொட்டை போடலாம். இஞ்ஞாசியார் மறுக்க மாட்டார்.

அவரே 1544, 1545 ஆண்டுகளில் எழுதிய நாட்குறிப்பில் ஒரு பகுதி நமக்குக் கிடைத்திருக்கிறது. திருப்பலியில் கண்ணீர் வந்ததா இல்லையா என்பதைக்கூடக் குறித்திருக்கிறார். போர்வீரராய் இருந்தவர்! ஆண்பிள்ளை அழுவதாவது என்று சொல்லும் நம் பெரியவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

குழந்தை இயேசுவின் புனித தெரசம்மாள் 1895-இல் மடத்துத் தலைவியாயிருந்த தன் சொந்த அக்காளின் கட்டளைப்படி பள்ளிக்கூட நோட்டில்தான் எழுதத் தொடங்கினார். 1897-இல் நோய் முற்றிப் பேனா பிடிக்க முடியாமல் போனபோது கடைசிப் பக்கங்களைப் பென்சிலால் எழுதினார். அதே 1895-இல் இத்தாலியில் குத்தகை விவசாயி ஒருவரின் மகன், குருமடத்தில் சேர்ந்த பதினான்கு வயதுச் சிறுவன், ஒரு நோட்டைத் தொடங்கினான். பாப்பரசர் ஆன பிறகும் அதை விடவில்லை. அவர்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைக் கூட்டிய 23-ஆம் அருளப்பர். அவர் 1963-இல் இறந்த மறு ஆண்டு அந்தக் குறிப்புகள் நூலாக வெளிவந்தன.

நமக்கு இன்னும் அருகில் உள்ளவர் அருளானந்தர். நம்மில் பலர் ஆண்டுதோறும் ஓரியூர் செம்மண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு வருகிறோம். 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் அவர் தலை வெட்டுண்டது. அதற்கு முந்திய நாள் சிறையிலிருந்து உடன்பிறப்பான குருக்களுக்குக் கடிதம் எழுதினார். பேனாவும் மையும் ஏது? கரியை நீரில் குழைத்து எழுதினார் என்று சொல்லப்படுகிறது. நாளை சாகப்போகிறவருக்கும் இன்று எழுத வேண்டியிருந்தது. நமக்கோ நேரமில்லை!

பக்கத்துத் திருச்சுழியில் 1879-இல் பிறந்த ரமண மகரிஷியைப் பற்றியும் ஒரு சொல். அவர் மௌனமாய் இருந்த காலத்தில், 1902 வாக்கில், சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் கேட்ட கேள்விகளுக்கு மணலிலும் சிலேட்டிலும் எழுதிப் பதில் காட்டினார். பிள்ளை அவற்றைக் குறித்து வைத்துக்கொண்டதால்தான் பின்னர் அவை நூலாயின. நல்லதை எந்தத் தோட்டத்தில் கண்டாலும் மதிக்க வேண்டும் என்பதே சங்கம் நமக்குக் கற்பித்தது.

இனி நாம் நேரில் அறிந்த ஒரு காரியம். சம்பந்தப்பட்டவர் சொல்ல அனுமதி தந்திருக்கிறார். ஊரும் பேரும் வேண்டாம். அண்ணன் தம்பி இருவர், நடுவில் ஒரு பொதுக் கிணறு. மோட்டார் போடும் முறையில் தொடங்கிய தகராறு வரப்புத் தகராறாகி, வழக்காகி, நான்கு ஆண்டு பேச்சுவார்த்தை இல்லை. பெற்ற தாய் ஒரு மாதம் இந்த வீட்டிலும் ஒரு மாதம் அந்த வீட்டிலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு தபசு காலத்தின் தொடக்கத்தில் தம்பி நம்மிடம் வந்து, "அண்ணன் செய்த அநியாயத்தை எல்லாம் தேதிவாரியாக எழுதி வைத்திருக்கிறேன் சாமி" என்று ஒரு நோட்டைக் காட்டினார். உண்மையிலேயே தேதிவாரியாக இருந்தது. நாம் வாதாடவில்லை. "இதே நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கு. பிறந்த நாள் முதல் அண்ணனிடம் வாங்கியதை இரவுக்கு ஒன்றாக எழுது. பெரிய வெள்ளிக்குள் முடி" என்றோம்.

முதல் வாரம் ஒன்றுமே எழுதவில்லையாம். பிறகு கிணற்றில் நீச்சல் பழக்கியது அண்ணன்தான் என்று எழுதினார். அடுத்தது பாம்பு வந்த இரவு. பின்னர் ஒருநாள், மழை பொய்த்த ஒரு வருடத்தில் அண்ணன் எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டு அருப்புக்கோட்டை மில்லுக்குப் போனதும், அந்தச் சம்பளத்தில்தான் தாம் விடுதியில் தங்கிப் படித்ததும் நினைவுக்கு வந்தன. அதை எழுதிய இரவு தூங்கவில்லை என்றார். பெரிய வெள்ளி சிலுவைப்பாதை முடிந்து நோட்டோடு அண்ணன் வீட்டுக்குப் போய், பேச வாய் வராமல் அதை நீட்டிவிட்டு நின்றார். அண்ணன் திறந்தது முன்பக்கத்தை! அநியாயப் பட்டியல் முழுவதையும் வாசித்த பிறகுதான் மறுபக்கம் திருப்பினார். வெகு நேரம் கழித்து அவர் சொன்னது: "இந்தப் பக்கத்தில் ரெண்டு தேதி தப்பாப் போட்டிருக்கே." அன்று தாயார் இருவரையும் ஒரே பாயில் உட்கார வைத்துக் கஞ்சி ஊற்றினார். மோட்டார் இப்போது நாள் விட்டு நாள் ஓடுகிறது. வரப்பு வழக்கு மட்டும் இன்னும் கோர்ட்டில்தான் இருக்கிறது. நோட்டு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை.

மேல்நாட்டு உளவியலாரும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். பென்னபேக்கர் என்ற அமெரிக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மன வேதனைகளை நான்கு நாள் பதினைந்து நிமிடம் எழுதிய மாணவர்கள் பின்னர் மருத்துவரிடம் போனது குறைந்தது என்று கண்டார். பிற்கால ஆய்வுகளில் அந்தப் பலன் சிறிதாகவே தெரிந்தது. ஆகவே இதை மருந்தென்று நாம் விற்க வரவில்லை. செபமாகவே தருகிறோம்.

எழுதும் முறை பற்றிச் சில சொற்கள். முதலில் பெற்றதை எழுதுங்கள். பிறகு விழுந்ததை எழுதுங்கள். நாளைக்கு வேண்டியதை ஒரு வரியில் கேளுங்கள். விழுந்ததை மட்டுமே எழுதுகிறவர்கள் சில நாளில் இறைவனைக் கண்டு அஞ்சி ஒளிகிறார்கள். அப்படிப்பட்ட மென்மையான மனச்சாட்சி உள்ளவர்கள் பெற்றதை மட்டும் எழுதினால் போதும். பெரும் பாவங்களை விவரமாக எழுத வேண்டாம். அதற்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டி இருக்கிறது, அங்கே காகிதம் மிஞ்சாது. ஒரு குறி போட்டு வையுங்கள். அடுத்தவர் குற்றத்தை ஒரு வரியும் எழுதாதீர்கள். குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவனை என்ன செய்வது என்று கேட்கும் சகோதரிகளுக்கு மட்டும் விதிவிலக்கு: தேதியோடு எழுதுங்கள். அது ஆத்தும சோதனை அல்ல, சாட்சி. எழுதிவிட்டு நம்மிடமும் அன்பிய அக்காமாரிடமும் வாருங்கள். மறைத்துச் சகிப்பதைப் புண்ணியம் என்று எண்ண வேண்டாம்.

ஒற்றை அறை வீட்டில் நோட்டை எங்கே ஒளிப்பது? இது நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் எழுதுகிறவர்கள் அல்ல, மற்றவர்கள். பருவப் பிள்ளையின் நோட்டைத் திறந்து வாசிக்கும் தாய் தகப்பன், அந்தப் பிள்ளை இனி உண்மையே எழுதாதபடி செய்துவிடுகிறார்கள். குருவுக்கே பாவசங்கீர்த்தன இரகசியத்தைத் திறக்க உரிமை இல்லாதபோது உங்களுக்கு எங்கிருந்து வந்தது? செல்போனில் எழுதலாமா என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். எழுதலாம், ஆனால் செபத்துக்காக அதைத் திறந்தவர் எத்தனை மணிக்கு மூடினார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். நம் விருப்பம் காகிதமே.

இன்று கோவில் வாசலில், அந்தோணியார் சுரூபத்தின் அருகே உள்ள மேசையில் நாற்பது பக்க நோட்டுகள் அடுக்கியிருக்கின்றன. இளைஞர் மன்றத்தார் கொடுப்பார்கள், விலை இல்லை. ஆளுக்கு ஒன்று, கணவனுக்கும் மனைவிக்கும் சேர்த்து ஒன்று என்று வாங்காதீர்கள். முதல் பக்கத்தில் பெயர் எழுத வேண்டாம், இன்றைய தேதி போதும். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் புள்ளி வைக்கக் கோடு போட்ட தாள்கள் தனியே இருக்கின்றன. உபதேசியாரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பேனா மட்டும் உங்கள் வீட்டுப் பேனா.