மூன்றே ஆட்டங்கள்: லாபமா, நஷ்டமா?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

ஐபிஎல் ஏலம் முடிந்த மறுநாள் நம் வாட்ஸ்அப் குழு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். "இவருக்கா இத்தனை கோடி?" என்று ஆரம்பித்தால் இரவு வரை ஓயாது. அதே சண்டையை நான் இங்கிலாந்திலும் கேட்டேன். அங்கே அது கிரிக்கெட்டுக்காக நடக்கவில்லை, ரக்பி லீக்குக்காக நடந்தது.

என் மகள் வாரிங்டனில் இருக்கிறாள். மான்செஸ்டருக்கும் லிவர்பூலுக்கும் நடுவில் உள்ள ஊர். ஒரு காலத்தில் கம்பி இழுக்கும் ஆலைகள் நிறைந்த இடம். அதனால் ஊர் அணிக்கு இன்றும் 'வயர்' என்றுதான் செல்லப்பெயர். ரக்பி லீக் என்பது பக்கத்துக்குப் பதின்மூன்று பேர் ஆடும் ஆட்டம். ஆட்டத்துக்காக ஒரு நாள் வேலையை விட்டு வரும் தொழிலாளிக்கு அந்த நாள் கூலியை ஈடு செய்ய வேண்டுமா என்ற தகராறில், 1895-இல் வட இங்கிலாந்துக் கிளப்புகள் பிரிந்து போய் உருவாக்கியது. அப்படிப் பிரிந்தவற்றில் வாரிங்டனும் ஒன்று. எனவே காசுக்கு என்ன பலன் என்ற கேள்வி அந்த ஆட்டத்தோடு பிறந்தது என்றே சொல்லலாம்.

பக்கத்து வீட்டுப் பெரியவரும் அவர் மருமகனும் வேலியோரம் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். பேச்சு எப்போதும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இரண்டு பேரைப் பற்றித்தான் போகும்.

முதலாமவர் ஆண்ட்ரூ ஜான்ஸ். அந்த ஆட்டத்தில் உலகமே கொண்டாடிய வீரர். 2005 சீசனின் கடைசியில் வாரிங்டனுக்கு ஆட வந்தார். முதல் ஆட்டத்திலேயே அப்போதைய சாம்பியன் லீட்ஸை 33-16 என்று வீழ்த்தினார்கள். மொத்தம் மூன்றே ஆட்டங்கள். ஊர் திரும்பிவிட்டார்.

இரண்டாமவர் கிரெக் இங்கிலிஸ். குயின்ஸ்லாந்துக்காக ஆடிப் பெரும் புகழ் பெற்றவர். காயங்களால் 2019-இல் ஓய்வு பெற்றவரை 2021 சீசனுக்காக வாரிங்டன் அழைத்து வந்தது. அப்போது அவருக்கு வயது 34. இரண்டு ட்ரை அடித்தார், தொடைத் தசையில் காயம் பட்டது, மறுபடி ஓய்வு. அவரும் ஆடியது மூன்றே ஆட்டங்கள்.

ஆனால் ஜான்ஸ் பெயரைச் சொன்னால் பெரியவர் முகம் மலரும். இங்கிலிஸ் பெயரைச் சொன்னால் மருமகன் உதட்டைப் பிதுக்குவார். "ரெண்டு பேரும் மூணு ஆட்டம்தானே, அப்புறம் என்ன வித்தியாசம்?" என்று நான் கேட்டேன். இருவராலும் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

எனக்குத் தோன்றிய பதில் இதுதான். ஜான்ஸ் சில வாரங்களுக்குத்தான் வருகிறார் என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். ஊர் எதிர்பார்த்ததும் அந்தச் சில வாரங்களைத்தான். கோப்பை வரவில்லை என்றாலும், கேட்டது கிடைத்தது. இங்கிலிஸிடம் எதிர்பார்த்தது ஒரு முழு சீசன். கிடைத்தது அதில் ஒரு துண்டு. ஆட்ட எண்ணிக்கை ஒன்றுதான், ஆனால் வைத்த அளவுகோல் வேறு.

இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டு வீரரின் விலை சம்பளத்தோடு முடிவதில்லை. அங்கே ஓர் அணி இத்தனை வெளிநாட்டு வீரர்களைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று வரம்பு உண்டு. மொத்தச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. ஒருவரை எடுத்தால் இன்னொரு வெளிநாட்டவருக்கான இடம் போகிறது, உள்ளூர்ப் பையன் ஒருவன் வெளியே உட்காருகிறான். மருமகனின் கோபம் இந்தக் கணக்கில்தான். அது நியாயமான கோபம்.

அப்படியானால் பெரிய பெயரே வேண்டாமா? பெரியவர் அப்போது மூன்றாவது பெயரைச் சொன்னார்: பிரையன் பெவன். இரண்டாம் உலகப்போர் முடியும் சமயம் ஆஸ்திரேலியக் கடற்படையில் வேலை பார்த்தவர், கப்பலோடு இங்கிலாந்து வந்தார். ஒல்லி உடம்பு. லீட்ஸ் வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. வாரிங்டன் எடுத்துக்கொண்டது. 1962 வரை 620 ஆட்டங்களில் 740 ட்ரை அடித்தார். அவர் இருந்த காலத்தில் 1948, 1954, 1955 என மூன்று முறை வாரிங்டன் சாம்பியன் ஆனது. 1955-க்குப் பிறகு இன்று வரை அந்தப் பட்டம் ஊருக்குத் திரும்பவில்லை. பெவனுக்கு அங்கே சிலை இருக்கிறது.

"பார்த்தீங்களா, பெயரில்லாதவர்தான் சாதித்தார்" என்று பெரியவர் முடித்தார். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. வந்து, ஆடி, பெயர் தெரியாமல் திரும்பிப் போனவர்களுக்கு யாரும் சிலை வைப்பதில்லையே! பெவனை வைத்து மட்டும் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

என் தீர்ப்பைக் கேட்டால் சொல்கிறேன். ஜான்ஸை அழைத்தது சரி. இங்கிலிஸை அழைத்தது சரியல்ல. அவர் காயப்பட்டதால் மட்டும் இப்படிச் சொல்லவில்லை. காயம் யாருக்கும் படலாம். காயங்களால் ஓய்வு பெற்றவர் என்பது கையெழுத்துப் போடும்போதே தெரிந்த விஷயம். அதில் குறை அந்த மனிதர் மேல் இல்லை. அவர் மறுபடி களமிறங்கி முயன்று பார்த்தார். கணக்குப் போட்டவர்கள்தான் யோசித்திருக்க வேண்டும். முடிவு நல்லதா கெட்டதா என்பதை, அதை எடுத்த அன்று தெரிந்ததை வைத்துத்தான் எடை போட வேண்டும். பிறகு வந்த அதிர்ஷ்டத்தையோ துரதிர்ஷ்டத்தையோ வைத்து அல்ல.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? அடுத்த பொதுக்குழுவில் புதிய பராமரிப்பு ஒப்பந்தத்தைப் பற்றி முடிவெடுக்கப் போகிறோம். வெளியாளை எடுப்பதா, இருப்பவர்களே போதுமா என்று கட்டாயம் வாதாடுவோம். வாதாடுங்கள். ஆனால் கையெழுத்துப் போடும் அன்றே ஒரு தாளில் இரண்டு வரி எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவோம்: என்ன எதிர்பார்க்கிறோம், எந்தத் தேதியில் சரிபார்ப்போம். அப்படிச் செய்தால் ஆறு மாதம் கழித்து லிஃப்ட் வாசலில் நின்று அந்தப் பெரியவரும் மருமகனும் போல முடிவில்லாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சுண்டல் ஆறுகிறது, வாருங்கள்.