ஊரின் நலத்தை எதனால் அளப்போம்?



நம் ஊரின் வாழ்க்கைத் தரத்தை ஆண்டுதோறும் அளந்து எழுதிவைப்பதென இச் சனசமூக நிலையத்தார் எடுத்த முடிவை வரவேற்கின்றோம். ஆயினும், அளக்கப் புறப்படுமுன் அளவுகோல் எதுவெனத் தீர்மானித்தல் வேண்டும். எதனை எண்ணுகின்றோமோ அதற்கே நாளை பணமும் கவனமும் செல்லும். எண்ணாது விட்டதைக் கேட்பாரிலர். ஆதலால் இது கணக்கரின் வேலை மட்டுமன்று.

மொரிஸ் டேவிட் மொரிஸ் என்னும் அறிஞர் 1979ஆம் ஆண்டில் ஒரு சுட்டியை வெளியிட்டார். வருமானத்தை ஒதுக்கிவிட்டு, எழுத்தறிவு, சிசு மரணம், ஒரு வயதெய்திய குழந்தையின் ஆயுள் எதிர்பார்ப்பு ஆகிய மூன்றையுமே அவர் கொண்டார். அந்த அளவுகோலில், வருமானம் குறைந்த இலங்கை உயர்ந்த இடத்திற் கண்டது, உலகம் வியந்தது. ஆனால் அதே காலத்தில் மலையகத் தோட்டங்களின் சிசு மரண வீதம் நாட்டுச் சராசரியிலும் மிகக் கூடுதலாயிருந்தது. சராசரி என்னும் திரை லயங்களை மறைத்துவிட்டது! ஆகவே, நம் கணக்கு ஊருக்கு ஒரேயோர் எண்ணாக இருத்தலாகாது. ஒழுங்கை ஒழுங்கையாக எழுதப்படல் வேண்டும்.

அமெரிக்காவின் சியாற்றில் நகரத்துக் குடிமக்கள் 1993இல் தாமே கூடித் தெரிந்த குறிகாட்டிகளுள் ஒன்று, கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பும் சல்மன் மீன்களின் தொகை. மீன் திரும்புமாயின் நீரும் கரையும் நலமாயுள்ளன என்பது அவர்கள் கருத்து. நமக்கு ஆறில்லை. சுண்ணக்கற் பாறையில் தேங்கும் மாரி நீரே நமக்குள்ளது. எனவே நம் குறிகாட்டி கிணறுதான்.

மிகையாக இறைத்தால் உவர் ஏறும். உரத்தாலும் மலக்குழியாலும் நைத்திரேற்றுச் சேரும். குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமிற்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மேற்பட்டால், அந்நீரிற் கரைத்த பாலைக் குடிக்கும் கைக்குழந்தைக்கே முதல் ஆபத்து. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை தாண்டியதைச் சோதனைகள் காட்டியுள்ளன. தெரிந்த சில கிணறுகளை மாரி முடிவில் ஒருமுறையும் கோடை முடிவில் ஒருமுறையும் சோதித்தாற் போதும். இது கமக்காரருக்குக் கசக்கும் என்பதை அறிவோம். குற்றத்தின் ஒரு பங்கு நம் உர மூட்டையையே சாரும். கசக்கின்றதென்று பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதா?

கிணறுகளின் தொகையை எழுதினாற் போதாதோ என்பர் சிலர். போதாது. கிணறு நிறைய நீர் இருந்தும், சாதியின் பெயரால் ஒருசாரார் அள்ள முடியாது பிறர் ஊற்றக் காத்துநின்ற நாட்கள் இம்மண்ணில் இருந்தன. அன்று கிணறுகளை மட்டும் எண்ணியவன் ஊர் செழிப்பென்றே எழுதியிருப்பான். எத்தனை உண்டு என்பதோடு, யார் அள்ளுகின்றனர், எவ்வளவு தூரம் நடக்கின்றனர் என்பதையும் கேட்டெழுத வேண்டும்.

மாடி வீடுகளை எண்ணலாமென நண்பரொருவர் சொன்னார். வெளிநாட்டுப் பணத்தில் எழுந்து, முதியவர் இருவர் மட்டும் விளக்கேற்றும் வீட்டை எந்தப் பத்தியிற் சேர்ப்பது? பள்ளி வரவு, மருந்தகம், பேருந்து ஆகியவற்றைச் சேர்ப்பதில் எவருக்கும் மறுப்பிராது.

வரும் தை மாதத்தில் முதற் சோதனையைத் தொடங்கலாம். இந்நிலையத்தின் கிணற்று நீரையே முதற் போத்தலாக அனுப்புவோம். தம் கிணற்றையும் சேர்க்க விரும்புவோர் இன்றே செயலாளரிடம் பெயர் கொடுக்குமாறு வேண்டுகின்றோம்.